பானெட் மெத்தை: கேட்டவர்களுக்குப் பதில்

காரின் பானெட்டைத் திறந்தால் அதன் உட்புறத்தில் ஒட்டிக்கொண்டிருக்கும் கருப்பு மெத்தையைப் பற்றி இத்தனை கேள்விகள் வரும் என்று நான் எதிர்பார்க்கவில்லை. ஒன்றுபோல இருந்தவற்றைச் சேர்த்துவிட்டேன். விலை கேட்டவர்களுக்கு மட்டும் பதில் இல்லை. அது வண்டிக்கு வண்டி மாறும்.

சரவணன், ஈசூன்: என் வண்டிக்குப் பதினொரு வயது. சிஓஇயை, அதாவது சிங்கப்பூரில் கார் வைத்திருப்பதற்கான உரிமைச் சான்றிதழை, ஐந்து ஆண்டுகளுக்குப் புதுப்பித்திருக்கிறேன். மெத்தையின் துணி கிழிந்து, தொட்டாலே பொடியாக உதிர்கிறது. புதிது போட வேண்டுமா, கழற்றி எறிந்துவிட்டு ஓட்டலாமா?

இரண்டில் எதைச் செய்தாலும் சரி, இப்படியே விட்டுவைப்பதுதான் தவறு. உதிரும் தூள் சும்மா கிடக்காது. கண்ணாடிக்குக் கீழே, வைப்பர் பக்கத்தில்தான் பெரும்பாலான வண்டிகளின் ஏர்கான் வெளிக்காற்றை இழுக்கிறது. தூள் அந்த வழியாக உள்ளே போய் ஃபில்டரில் அடையும்.

மெத்தை இல்லாமலும் எஞ்சின் ஓடும். விலை குறைந்த மாடல்கள் சில, தொழிற்சாலையிலிருந்தே மெத்தை இல்லாமல்தான் வருகின்றன. ஆனால் மெத்தையோடு வந்த வண்டியில் அதைக் கழற்றினால் எஞ்சின் சத்தம் கூடும், பானெட் தகடும் பெயிண்டும் கூடுதலாகச் சூடேறும். உங்களுக்கு இன்னும் நான்கு ஆண்டுகள் ஓட்ட வேண்டியிருக்கிறது, புதிது போடுங்கள். அடுத்த மாதம் வண்டியை ஒப்படைக்கப்போகிறவர் கேட்டிருந்தால் கழற்றிவிடச் சொல்லியிருப்பேன்.

மீனா, பொங்கோல்: அண்ணா, பட்டறைக்குப் போகாமல் நானே மாற்றலாமா?

தாராளமாக மாற்றலாம், தங்கை. எஞ்சின் நன்றாக ஆறியிருக்க வேண்டும். கையுறை, முகக்கவசம், முழுக்கைச் சட்டை மூன்றும் கட்டாயம். பல மெத்தைகளுக்குள் இருப்பது கண்ணாடி இழை, தோலில் பட்டால் இரவெல்லாம் அரிக்கும். எஞ்சின்மீது பழைய படுக்கை விரிப்பு ஒன்றைப் போர்த்திவிடுங்கள்.

மெத்தையைப் பிடித்திருப்பவை பிளாஸ்டிக் கிளிப்புகள். நுனி இரண்டாகப் பிளந்த நெம்புகருவி ஒன்று வன்பொருள் கடைகளில் கிடைக்கும். அதைக் கிளிப்பின் தலைக்கு அடியில் செருகி நேராக வெளிப்பக்கம் நெம்புங்கள். சில கிளிப்புகளில் நடுவே குச்சி ஒன்று இருக்கும், முதலில் அதைத்தான் வெளியே எடுக்க வேண்டும். ஸ்குரூடிரைவரால் சாய்வாக நெம்பினால் தலை உடைந்து, வால் ஓட்டைக்குள் விழுந்து, பிறகு காலமெல்லாம் பானெட்டுக்குள் கடகடவென்று உருளும்.

ஓரங்களிலிருந்து தொடங்கி நடுக் கிளிப்புகளைக் கடைசியில் எடுங்கள். நடுவை முதலில் கழற்றினால் மெத்தை தொங்கி, தூளையெல்லாம் முகத்தில் கொட்டும். மாட்டும்போது நடுவிலிருந்து ஓரத்துக்குப் போங்கள். கண்ணாடி கழுவும் தண்ணீர்க் குழாய் மெத்தையை ஒட்டியோ அதற்கு அடியிலோ ஓடும். அது நசுங்கினால் தண்ணீர் பீய்ச்சாது. மூடுவதற்கு முன் ஒருமுறை பீய்ச்சிப் பாருங்கள்.

கிளிப்புகளை மெத்தையோடு சேர்த்துப் புதிதாக வாங்கிவிடுங்கள். ஆண்டுக்கணக்கில் சூட்டில் வெந்தவை கையில் எடுத்ததுமே உடையும். மெத்தைக்குச் சேசிஸ் எண்ணைக் கொடுத்து ஆர்டர் செய்வது நல்லது. இங்கே அதிகாரபூர்வ முகவர் அல்லாதவர்கள் கொண்டுவரும் தனியார் இறக்குமதி வண்டிகள் நிறைய. மாடலின் பெயர் ஒன்றாக இருக்கும், பானெட்டின் ஓட்டைகள் வேறு இடத்தில் இருக்கும்.

பெயர் வேண்டாம், தெம்பனிஸ்: மெத்தையின் ஒரு மூலையை எலி குடைந்துவிட்டது. எஞ்சின்மேல் பஞ்சுக் குவியல். புதிது போட்டால் மறுபடியும் வருமா?

வரும். அதனால் மெத்தையைக் கடைசியில் வாங்குங்கள்.

முதலில் வயர்களைப் பார்க்க வேண்டும். மெத்தையைக் குடைந்த எலி வயரைச் சும்மா விட்டிருக்கும் என்று நம்பாதீர்கள். உறை உரிந்து செம்பு தெரிந்தால் வண்டியை எடுக்காமல் பட்டறைக்குப் பேசுங்கள். அடுத்தது சுத்தம். எலியின் சிறுநீரால் எலிக்காய்ச்சல் பரவும். காய்ந்த பஞ்சையும் புழுக்கையையும் துடைப்பத்தால் கூட்டித் தூசி கிளப்பாதீர்கள். நீர் கலந்த பிளீச்சை லேசாகத் தெளித்து, ஊறவிட்டு, கையுறையோடு துடைத்தெடுத்துப் பைக்குள் கட்டிப் போடுங்கள். மின் இணைப்புகள்மீது தெளிக்க வேண்டாம்.

பிறகு வண்டி நிற்கும் இடத்தைப் பாருங்கள். குப்பைத் தொட்டிக்குப் பக்கத்திலா? யாராவது பூனைக்கு வைத்த சோறு அங்கேயே மிச்சம் கிடக்கிறதா? எலி தேடி வருவது உங்கள் காரை அல்ல, அந்தச் சோற்றைத்தான். சூடான எஞ்சின் அதற்குப் படுக்கையாகிவிடுகிறது. நகர மன்றத்திடம் புகார் செய்யுங்கள், வண்டியை வேறு தளத்துக்கு மாற்றுங்கள், நாள்கணக்கில் ஓட்டாமல் போட்டுவைக்காதீர்கள். பாச்சை உருண்டையைக் கட்டித் தொங்கவிடச் சொல்வார்கள். அந்த நெடி முழுவதும் ஏர்கான் வழியாக உங்களுக்கே வரும். விஷம் வைத்தாலோ, எலி கைக்கு எட்டாத இடுக்கில் போய்ச் செத்துக் கிடக்கும். அந்த வாடைக்கு எலியே மேல்.

ஜமால், உட்லண்ட்ஸ்: மெத்தையில் குறுக்கே கருப்புக் கோடு ஒன்று விழுந்திருக்கிறது. அழுக்குதானே?

இவ்வளவு கேள்விகளில் எனக்குப் பிடித்தது இதுதான். மெத்தை எஞ்சினின் நாட்குறிப்பு. அதைப் படிக்காமல் குப்பையில் போடுகிறவர்கள்தான் அதிகம்.

கோடு எஞ்சின் பெல்ட்டுக்கு நேர்மேலே இருக்கிறதா என்று பாருங்கள். உலர்ந்த கருப்புத் தூளாக இருந்தால் பெல்ட் தேய்கிறது. பிசுபிசுவென்று இருந்தால் எங்கோ கசியும் எண்ணெய் பெல்ட்டில் பட்டு, அது சுழலும்போது மேலே விசிறியடிக்கிறது. எண்ணெய் ஊற்றும் மூடிக்கு நேர்மேலே வட்டமாகக் கறை இருந்தால் மூடியையும் அதன் ரப்பர் வளையத்தையும் பாருங்கள். பச்சை, இளஞ்சிவப்பு, வெள்ளை என உப்புப் பூத்ததுபோலப் புள்ளிகள் தெரிந்தால் எஞ்சினைக் குளிர்விக்கும் கூலண்ட் எங்கோ பீய்ச்சுகிறது. ஹோஸ், தண்ணீர்ப் பம்ப், ரேடியேட்டரின் மேல்பாகம் என்று தேடுங்கள்.

கழற்றுவதற்கு முன் பானெட்டைத் திறந்தபடியே ஒரு படம் எடுத்துக்கொள்ளுங்கள். படத்தைக் காட்டினால் பட்டறையில் பாதி வேலை முடிந்தது. கசிவை அடைத்த பிறகுதான் புது மெத்தை. எண்ணெய் ஊறிய மெத்தையைத் துடைத்து மறுபடியும் மாட்டவே கூடாது, அது தீக்கு விரித்த பாய்.

லதா, ஜூரோங்: புது மெத்தை போட்டால் காருக்குள் வெக்கை குறையுமா?

குறையாது. உள்ளே வெக்கை வருவது பெரும்பாலும் கண்ணாடிகள் வழியாக. அந்தப் பணத்தைக் கண்ணாடிக்கு ஒட்டும் ஃபிலிமுக்கு வைத்துக்கொள்ளுங்கள், ஒளி ஊடுருவும் அளவு நிலப் போக்குவரத்து ஆணையத்தின் விதிக்குள் இருக்கிறதா என்று பார்த்து.

குமார், புக்கிட் பாத்தோக்: வீட்டுக் கூரைக்குப் போடும் வெள்ளிநிறக் குமிழித் தாள் மலிவாகக் கிடைக்கிறது. அதை வெட்டி ஒட்டினால் என்ன?

வேண்டாம், தம்பி. அந்தக் குமிழிகள் பிளாஸ்டிக், எஞ்சின் சூட்டுக்காகச் செய்ததல்ல. தார் கலந்த சத்தத்தடுப்புத் தகடுகளும் அப்படித்தான், சூட்டில் இளகித் தொங்கும். பியூட்டைல் ரப்பர் தகடு தாங்கும், ஆனால் எடை அதிகம். பானெட் முழுவதும் ஒட்டிவிட்டால் பானெட்டைத் தூக்கி நிறுத்தும் வாயுத் தண்டு தாங்காமல் தலைமேல் இறங்கும்.

வேறு மெத்தைதான் போடுவேன் என்றால், தீப்பற்றாது என்று வாகன எஞ்சினுக்காகவே விற்பதாக இருக்கட்டும். தடிமனையும் பாருங்கள். எஞ்சினில் உயரமான இடங்களில் குழந்தைகள் விளையாடும் களிமண்ணை உருட்டி வைத்துப் பானெட்டை மெதுவாக மூடித் திறங்கள். களிமண் எவ்வளவு நசுங்கியிருக்கிறது என்பதிலிருந்து இடைவெளி தெரிந்துவிடும். டர்போவையோ புகைக்குழாயையோ மெத்தை தொடவே கூடாது. புது ஓட்டையும் போடாதீர்கள், துளைக்கருவியின் முனை வெளித்தகட்டில் புடைத்துக்கொண்டு வரும்.

ராஜன், அங் மோ கியோ: என்னுடையது பழைய ஜெர்மன் கார். கிளிப்பே இல்லை, பஞ்சை நேரடியாக ஒட்டியிருக்கிறார்கள்.

இதில் ஒட்டுவது அரைமணி, சுரண்டுவது அரைநாள். பிளாஸ்டிக் சுரண்டியால் பஞ்சை எடுத்து, மிச்சப் பசையை டர்பன்டைனில் நனைத்த துணியால் ஊறவைத்துத் துடையுங்கள். காற்றோட்டமான இடமாக இருக்கட்டும், பெயிண்டில் வழியவிடாதீர்கள். அதிகச் சூடு தாங்கும் என்று எழுதிய ஸ்பிரே பசையை மட்டும் வாங்குங்கள். சாதாரணப் பசை நம் ஊர் மதிய வெயிலில் இளகி, மெத்தை எஞ்சின்மேல் கவிழும்.

பாத்திமா, பிடோக்: தீப்பிடித்தால் மெத்தை எஞ்சின்மேல் விழுந்து அணைத்துவிடும் என்கிறார்களே?

அதை நம்பி வண்டிக்குள் உட்கார்ந்திருக்காதீர்கள், அம்மா. புகை வந்தால் ஓரமாக நிறுத்தி, எஞ்சினை அணைத்து, எல்லாரையும் இறக்கி, தள்ளி நின்று 995ஐ அழையுங்கள். பானெட்டைத் திறந்து பார்க்கத் தோன்றும், திறக்காதீர்கள். உள்ளே காற்றுப் புகுந்தால் தீ எகிறும்.

முருகன், செம்பவாங்: ஜோகூரில் பழைய உதிரிபாகக் கடையில் மெத்தை மலிவு. வாங்கலாமா?

கையில் எடுத்து மடக்கிப் பாருங்கள். மொறுமொறுவென்று சத்தம் வந்தாலோ தூள் கொட்டினாலோ வைத்துவிட்டு வாருங்கள். முகர்ந்தும் பாருங்கள், எண்ணெய் வாடையோ எலி வாடையோ இருக்கக் கூடாது. உங்கள் பழைய மெத்தையின் ஓட்டைகளை ஒரு பெரிய தாளில் வரைந்து கொண்டுபோனால் அங்கேயே பொருத்திப் பார்த்துவிடலாம். கிளிப்பை மட்டும் பழையதாக வாங்காதீர்கள்.