கேள்வி-பதில்: ஃப்ளேர் வாங்கும்போது தேதியைப் பாருங்கள்

முட்டத்திலிருந்து: கயாக் என்ற சின்னத் துடுப்புப் படகில் கடலுக்குப் போகிறேன். ஆபத்தில் உதவி கேட்டுக் கொளுத்தும் தீச்சுடரான ஃப்ளேரின் விலை கட்டுப்படியாகவில்லை. தீபாவளி ராக்கெட் நாலு எடுத்துப்போனால் போதாதா?

போதாது. ஈரம் பட்டால் எரியாது. எரிந்தாலும் யாரோ கொண்டாடுகிறார்கள் என்றுதான் பார்ப்பவர் நினைப்பார்.

குளச்சலிலிருந்து: கையில் பிடிக்கும் ஃப்ளேரா, மேலே ஏறும் ராக்கெட் ஃப்ளேரா, எதை வாங்குவது?

இரண்டும். பாராசூட் ராக்கெட் 300 மீட்டர் ஏறி 40 விநாடி சிவப்பாக எரியும். தூரத்தில் இருப்பவர் அதைப் பார்த்துத்தான் ஆபத்து என்று அறிவார். கை ஃப்ளேர் ஒரு நிமிடம் எரியும். தேடி வரும் படகுக்கு நீங்கள் இருக்கும் இடத்தைக் காட்ட அதுதான். பகலில் ஆரஞ்சுப் புகை. பார்க்க ஆள் இருக்கும்போது மட்டும் கொளுத்துங்கள். கை ஃப்ளேரைக் காற்று போகும் பக்கம் கையை நீட்டிப் பிடியுங்கள், சொட்டும் தீக்கசடு கயாக்கின் பிளாஸ்டிக்கை உருக்கிவிடும். ஹெலிகாப்டர் அருகில் வந்துவிட்டால் ராக்கெட் விடக்கூடாது. எல்லாம் லைஃப் ஜாக்கெட் பையில் இருக்கட்டும், பின்னறையில் வைத்தால் கவிழ்ந்தபின் எட்டாது.

தேங்காய்ப்பட்டணத்திலிருந்து: ஆன்லைனில் நான்கு கை ஃப்ளேர் வாங்கினேன். தேதி ஸ்டிக்கரைச் சுரண்டினால் அடியில் காலாவதியான தேதி இருக்கிறது. "நல்லாத்தான் எரியும், திரும்ப எடுக்க மாட்டோம்" என்கிறார் விற்றவர்.

உங்கள் மேல் ஒரு தப்பும் இல்லை. சுரண்டிப் பார்த்தீர்களே, அது பெரிய விஷயம். ஃப்ளேருக்குப் பொதுவாகத் தயாரித்த நாளிலிருந்து மூன்று வருடம்தான் ஆயுள். அதற்குப்பின் பற்றலாம், பற்றாமலும் போகலாம். தேதியை மறைத்து விற்பவர் தண்ணீரில் கிடப்பவனின் உயிரை விலை பேசுகிறார். ஒக்கி புயல் அடித்த 2017-ஐ மறக்காத இந்தக் கரையில் இப்படி ஒரு வியாபாரம் நடப்பதை என்னால் பொறுக்க முடியவில்லை. நான் வாங்கிய லைஃப் ஜாக்கெட் ஒன்றின் தையல் பிரிந்தபோது, உள்ளே நுரைக்குப் பதில் பேக்கிங் தெர்மாகோல் துண்டுகள் கொட்டின. ரசீது இருந்ததால் பணம் திரும்பியது. நீங்களும் விடாதீர்கள். ஸ்டிக்கர், அடியில் உள்ள தேதி, பெட்டி, ரசீது எல்லாவற்றையும் போட்டோ எடுங்கள். முதலில் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-க்குக் கூப்பிட்டுப் புகார் பதியுங்கள். தீரவில்லையா, நாகர்கோவிலில் உள்ள மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போங்கள். 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி நீங்கள் வசிக்கும் மாவட்டத்திலேயே வழக்குப் போடலாம், விற்றவர் எந்த ஊராக இருந்தாலும் சரி. இரண்டு வருடத்துக்குள் போட வேண்டும். கொடுத்த விலை 5 லட்சம் வரை என்றால் கட்டணம் கிடையாது, வக்கீலும் கட்டாயமில்லை.

ராஜாக்கமங்கலத்திலிருந்து: ஃப்ளேர் வாங்கி ஆறு மாதமாகிறது, ஐயா. இன்னும் பிரிக்கவில்லை. எந்த முனையைப் பிடிக்க வேண்டும்?

உருளை மேலேயே படம் போட்டிருக்கும். இன்றைக்கே எடுத்துப் படியுங்கள். கயிற்றை இழுப்பது, மூடியில் உரசுவது என்று ஒவ்வொன்றும் ஒரு விதம். இருட்டில், அலையில், நடுங்கும் கையோடு படிக்க முடியாது. வாங்கிவிட்டோம் என்பதோடு முடிந்துவிட்டதாக இருப்பவர்களிடம் எனக்குப் பொறுமை இல்லை.

மணக்குடியிலிருந்து: காலாவதியான ஃப்ளேரைத் திருவிழாவில் கொளுத்தலாமா?

கூடாது. சிவப்பு ஃப்ளேரைக் கண்டு யாராவது தேட வள்ளம் இறக்குவார்கள். கடலிலோ குப்பையிலோ போடவும் கூடாது. பழையதைத் திரும்ப எடுப்பீர்களா என்று வாங்கும்போதே கடையில் கேட்டுவிடுங்கள்.

கன்னியாகுமரியிலிருந்து: போன் இருக்கும்போது ஃப்ளேர் எதற்கு?

கடலோரக் காவல்படையின் அவசர எண் 1554. கட்டாயம் போனில் பதிந்து வையுங்கள். ஆனால் கரையை விட்டு விலகினால் சிக்னல் போய்விடும், போன் நனைந்தாலும் போச்சு. இரண்டையும் கொண்டுபோங்கள்.