மேசைப் போர்க்களம்: வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: கோலாலம்பூரில் நடந்த மேசை விளையாட்டு மாநாட்டுக்கு 40 மினியேச்சர்களை, அதாவது சாயம் பூசிய குட்டிப் போர்வீரர் உருவங்களை, பஞ்சுப் பெட்டியில் வைத்து ரயிலில் கொண்டுபோனேன். திறந்து பார்த்தால் ஆறு வாள்கள் கழன்று கிடந்தன. முந்தின நாள் அடித்த மேட் (பளபளப்பில்லாத) வார்னிஷும் மாவு பூசியதுபோல் வெளுத்திருந்தது. ஏன்?
– வாசகர், சுங்கை சிப்புட்

பதில்: வெளுத்ததற்குக் காரணம் ஈரம். ஸ்பிரே வேகமாக ஆவியாகும்போது பரப்பு குளிர்ந்து, காற்றிலுள்ள ஈரம் அதில் படிகிறது. காயும் வார்னிஷுக்குள் அது சிக்கிக்கொண்டு வெள்ளைப் படலமாகிவிடும். பனி விலகாத காலையிலும் மழை விட்ட மாலையிலும் ஸ்பிரேயைத் தொடாதீர்கள். வெயில் ஏறியபின் 2 நிமிடம் குலுக்கி, 20–25 செ.மீ. தள்ளிப் பிடித்து, மெல்லிசாக இரண்டு முறை அடியுங்கள். நம் தோட்டப்புறக் காற்றுக்குத் தூரிகையால் பூசும் அக்ரிலிக் வார்னிஷ்தான் நம்பகமானது. வெளுத்த உருவங்களை ஒதுக்கிவிட வேண்டாம். பளபளப்பு வார்னிஷைத் தூரிகையால் மெல்லிசாகப் பூசினால் பெரும்பாலும் நிறம் திரும்பிவிடும். ஒரு நாள் காயவிட்டு, அதன்மேல் மேட் பூசுங்கள்.

வாள் கழன்றது பசையின் கோளாறு. கம் காஜா (சூப்பர் குளூ) இழுப்பைத் தாங்கும், அதிர்வைத் தாங்காது. பிளாஸ்டிக் உருவத்துக்குப் பிளாஸ்டிக் சிமெண்ட் போடுங்கள். இரு பரப்பையும் இளக்கி ஒன்றாக்கிவிடும். உலோகத்திலும் ரெசினிலும் அது பிடிக்காது. அங்கே 1 மி.மீ. துளை போட்டு, பேப்பர் கிளிப் கம்பியைச் செருகி, பிறகு கம் காஜா விடுங்கள்.

பஞ்சு வாளையும் உரசும், சாயத்தையும் உரசும். அதைவிடப் பழைய பிஸ்கட் டின் நல்லது. ஒவ்வொரு பேஸின் (உருவம் நிற்கும் அடித்தட்டின்) அடியிலும் 5×1 மி.மீ. நியோடிமியம் காந்தம் ஒட்டுங்கள். உலோக உருவத்துக்கு இரண்டு வேண்டும். பலர் சறுக்கும் இடம் இதுதான்: குழிவான பேஸின் உட்கூரையில் காந்தத்தை ஒட்டினால், தகரத்துக்கும் அதற்கும் நடுவே 2 மி.மீ. இடைவெளி விழுந்து, பிடி பாதிக்கும் கீழே போய்விடும். குழியில் எபாக்சி புட்டி (பிசைந்து வைத்தால் இறுகிவிடும் களிம்பு) அடைத்துக் காந்தத்தை அழுத்துங்கள். பிளாஸ்டிக் தாள் விரித்த டின்மேல் பேஸை வைத்து ஓர் இரவு விடுங்கள். காந்தம் தானாகவே விளிம்பு மட்டத்துக்கு இறங்கி நிற்கும். மறுநாள் டின்னைச் செங்குத்தாகப் பிடித்து உலுக்கிப் பாருங்கள். அலுமினியப் பெட்டியில் காந்தம் ஒட்டாது.

ஸ்டேஷனுக்குக் காரில் போனால் டின்னை வெயிலில் விட்டுப் போகாதீர்கள். 3டி அச்சில் செய்த பிஎல்ஏ பிளாஸ்டிக் துண்டுகள் சுமார் 60 டிகிரியிலேயே இளகி வளைந்துவிடும்.

கேள்வி: அடுத்த மாநாட்டில் கம்பார் சண்டையை மேசையில் காட்ட ஆசை. கித்தா (ரப்பர்) காட்டை எப்படிச் செய்வது?
– தோட்டத்து இளைஞர் இருவர், சுங்கை சிப்புட்

பதில்: நல்ல தேர்வு. பேராக்கின் கம்பாரில் ஜப்பானியப் படையை பிரிட்டிஷ், இந்தியப் படைகள் எதிர்த்து, 1941 டிசம்பர் 30 முதல் 1942 ஜனவரி 2 வரை நடந்த சண்டை அது. சாலைக்குக் கிழக்கே தாம்சன், கிரீன், செமெட்டரி மேடுகள். மேற்கே ஈய லம்பம் (சுரங்கம்). 6×4 அடி மேசைக்கு 15 மி.மீ. உருவங்கள் பொருந்தும்.

கித்தா மரங்களைக் காட்டுமரம்போல் சிதறி நடாதீர்கள். நிரை பிடித்து நடுங்கள். நிரையோடு பார்த்தால் தூரம் தெரியும், குறுக்கே பார்த்தால் மரங்கள் மறைத்துவிடும் என்பது உங்களுக்குத் தெரிந்ததுதானே. அதையே விதியாக்குங்கள்: நிரையின் போக்கில் 12 அங்குலம் பார்வை, குறுக்கே 6. மரத்துக்கு முறுக்கிய செப்புக் கம்பி, இலைக்குப் பிய்த்துப் பச்சை ஏற்றிய ஸ்பாஞ்சு போதும். உயரம் 10–12 செ.மீ. ஒவ்வொன்றையும் இரும்பு வாஷர்மேல் ஒட்டினால் சாயாது, படை நுழையும்போது எடுத்து வைக்கவும் வசதி. நிரைகளுக்கிடையே குறைந்தது 5 செ.மீ. விடுங்கள், இல்லாவிட்டால் 40 மி.மீ. பேஸ் மாட்டிக்கொள்ளும்.

கேள்வி: மகனுக்கு 15 வயது. சொந்தப் படை இல்லை. மாநாட்டுக்குப் போனால் விளையாட விடுவார்களா?
– ஒரு தாய், சுங்கை சிப்புட்

பதில்: தாராளமாக அனுப்புங்கள், அம்மா. இத்தகைய மாநாடுகளில் புதியவர்கள் விளையாடிப் பார்க்க டெமோ மேசைகள் போடுவது வழக்கம். உருவமும் பகடையும் மேசை நடத்துபவர்களே தருவார்கள். அங்குல அளவு நாடா ஒன்று, தண்ணீர் போத்தல் ஒன்று கொடுத்தனுப்புங்கள். அடுத்தவர் உருவத்தைக் கேட்டுவிட்டுத்தான் தொட வேண்டும், அதுவும் பேஸைப் பிடித்து. முறுக்கு தின்ற கையோடு தொட்டால் எண்ணெய் சாயத்தில் ஏறும். சாய்ந்து நிற்கும் பகடையைத் திரும்ப உருட்டுவதா என்பதை ஆட்டம் தொடங்குமுன்பே பேசிக்கொள்ளச் சொல்லுங்கள்.