சிரிப்புக்குக் காத்திருக்கும் ஹார்மோனியம்

அன்புள்ள ஐயா,

வணக்கம். நாங்கள் 24 பேர் கொண்ட ஒரு சிறிய நாடகக் குழு. எல்லோரும் வெவ்வேறு வேலைகளில் இருப்பவர்கள்; மாலை நேரங்களில் கூடி ஒத்திகை பார்ப்பவர்கள். இதுவரை ஒரு மணி நேரத்துக்கு மேற்படாத நகைச்சுவை நாடகங்களையே போட்டு வந்தோம். இப்போது முதன்முறையாக ஒரு முழுநீள நகைச்சுவை இசை நாடகத்தை நாங்களே எழுதி எடுத்திருக்கிறோம். ஓர் அரசனின் மூன்று அமைச்சர்கள், ஒருவர் சொன்னது மற்றவருக்குத் தெரியாமல், ஒரே பொய்யைச் சொல்லி மாட்டிக்கொள்ளும் கதை. 12 பாடல்கள், இரண்டரை மணி நேரம். இது எங்கள் சக்திக்கு மீறிய வேலை என்று குழுவின் மூத்தவர்கள் சொல்கிறார்கள். அகலக்கால் வைக்கிறோமா? ஒரு சிரிப்பு நாடகத்துக்கு இவ்வளவு உழைப்பு வேண்டுமா என்றும் சிலர் கேட்கிறார்கள். உடை, விளக்கு, காட்சி மாற்றம் என்று கவலைகள் ஏராளம். நல்லவேளையாகப் பாடல்களைப் பற்றிய கவலை இல்லை. எங்களில் பாதிப் பேருக்குப் பாட வராது என்பதால், தேர்ந்த பாடகர்களைப் பாடவைத்து முன்பே ஒலிப்பதிவு செய்துகொண்டு, மேடையில் வாயசைப்பது என்று முடிவு செய்துவிட்டோம். உங்கள் கருத்தை அறிய விரும்புகிறேன்.

(பெயரை வெளியிட வேண்டாம் என்று கேட்டுக்கொண்ட வாசகர்)

அன்புள்ள நண்பருக்கு,

உங்கள் கடிதம் வருவதற்குப் பத்து நாட்களுக்கு முன்பு, என் இளமையில் நான் இருந்த நாடகக் குழுவின் மூத்த நடிகர் ஒருவர் காலமானார் என்ற செய்தி வந்தது. அன்றிலிருந்து ஒரே ஒரு மாலையையும், அதில் ஒலித்த ஒரே ஒரு பாட்டையும் நினைத்துக்கொண்டிருக்கிறேன். சேர்ந்து கிடக்கும் மற்ற கடிதங்களைத் தள்ளிவைத்துவிட்டு உங்களுக்கு எழுத அதுவே காரணம்.

முதலில் நீங்கள் கேட்டதற்கு வருகிறேன். தாராளமாக அகலக்கால் வையுங்கள். 1891இல் சென்னையில் சுகுண விலாச சபை என்ற நாடகக் குழுவைத் தொடங்கியபோது பம்மல் சம்பந்த முதலியாருக்கு வயது 18. மேடையேறுகிறவனைக் கூத்தாடி என்று இளக்காரமாகச் சொன்ன காலம் அது. பின்னாளில் வழக்கறிஞராகவும் நீதிபதியாகவும் இருந்த அவரும், உங்களைப் போலவே பகலில் வேறு வேலை பார்த்துவிட்டு வந்து நடித்த அவருடைய நண்பர்களும், நமக்கு எதற்கு இந்த வம்பு என்று இருந்திருந்தால், ஷேக்ஸ்பியரின் ஹாம்லெட் நமக்கு ‘அமலாதித்யன்’ ஆகியிருக்க மாட்டான்; அவர் எழுதிய தொண்ணூறுக்கும் மேற்பட்ட நாடகங்களும் நமக்குக் கிடைத்திருக்காது. உங்கள் மூத்தவர்களிடம் கோபித்துக்கொள்ளாதீர்கள். அவர்களை ஒத்திகையின் முன்வரிசையில் உட்கார வையுங்கள். எந்த இடத்தில் அவர்கள் நெளிகிறார்கள் என்று பார்த்துக் குறித்துக்கொள்ளுங்கள். அந்தக் குறிப்புகள் என் கருத்தைவிட உங்களுக்கு அதிகம் பயன்படும்.

உடை, விளக்கு பற்றி என்னிடம் கேட்காதீர்கள். இருபத்து நான்கு பேரில் தைக்கத் தெரிந்த ஒருவரும் மின்சார வேலை அறிந்த ஒருவரும் இல்லாமலா போவார்கள்? சிரிப்பு நாடகத்துக்கு இவ்வளவு உழைப்பு வேண்டுமா என்று கேட்டவர் யாரோ, அவரை இந்த நாடகத்தில் மேடையேற்றாதீர்கள். வசனமும் பாட்டும் எழுதிய கில்பர்ட்டும் இசையமைத்த சல்லிவனும் பத்தொன்பதாம் நூற்றாண்டு லண்டனில் நகைச்சுவை இசை நாடகங்களை வரிசையாகப் படைத்தபோது, மேடையின் சிறிய மாதிரி ஒன்றைச் செய்து வைத்துக்கொண்டு, அதன்மேல் மரக்கட்டைகளை நகர்த்தி நகர்த்தி, கூட்டமாகப் பாடுகிறவர்கள் உட்பட ஒவ்வொருவரும் எங்கே நிற்க வேண்டும் என்பதை கில்பர்ட் முன்கூட்டியே வகுத்தார். வேடிக்கை செய்கிறோம் என்ற எண்ணமே முகத்தில் தெரியாமல் முழு ஈடுபாட்டோடு நடிக்க வேண்டும் என்று தன் நடிகர்களிடம் பிடிவாதம் பிடித்தார். சிரிப்பு நாடகம் அந்த அளவுக்குக் கறாரான வேலை.

இப்போது உங்கள் கடிதத்தில் எனக்குத் தூக்கத்தைக் கெடுத்த வாக்கியத்துக்கு வருகிறேன். “நல்லவேளையாகப் பாடல்களைப் பற்றிய கவலை இல்லை.” எப்படி ஐயா இதை எழுத உங்களுக்குக் கை வந்தது? பன்னிரண்டு பாடல்கள் உள்ள நாடகத்தில் பாடல்களைப் பற்றிக் கவலைப்படாமல் வேறு எதைப் பற்றிக் கவலைப்படுவீர்கள்? பட்டுத் துணியின் நிறத்தைப் பற்றியா? கடிதத்தின் மற்றப் பகுதிகளில் எவ்வளவு அக்கறையும் பணிவும் இருக்கின்றனவோ, இந்த ஒரு வரியில் அவ்வளவு அலட்சியம் இருக்கிறது. இந்த அலட்சியத்தைக் கண்டிக்க எனக்கு உரிமை உண்டு. அதைச் செய்து பார்த்தவன் நான்.

அப்போது எனக்கு இருபது வயது. எங்கள் நாடகத்தில் ஒரு கஞ்சன், இரவில் தன் பெட்டியில் இருப்பதையெல்லாம் ஒவ்வொன்றாக எண்ணிப் பார்த்துப் பாடுவதாக ஒரு பாட்டு. திருடன் பெட்டிக்குப் பின்னாலேயே ஒளிந்திருந்து, கஞ்சன் எண்ணிக்கையில் ஒன்றை விட்டுவிட்டால் எடுத்துக்கொடுப்பான். கஞ்சனாக நடித்தவர்தான் இப்போது காலமானவர். கரகரத்த குரல் அவருக்கு. சரணத்துக்குப் போனால் சுருதி நழுவிவிடும். ஆனால் ஒத்திகையில், பல்லவியின் கடைசிச் சொல்லுக்கு முன்னால் சற்று நிறுத்தி, ஹார்மோனியக்காரரை ஒரு பார்வை பார்த்துவிட்டு, பிறகு அந்தச் சொல்லைப் போடுவார். நாற்பது நாட்கள் தினமும் கேட்ட நாங்களே நாற்பது நாட்களும் சிரித்தோம். இசைப் பொறுப்பு என்னிடம் இருந்தது. வெளியாட்கள் வந்து கேட்கும்போது அந்தச் சுருதி என் மானத்தை வாங்கிவிடும் என்று நான்தான் பயந்தேன். நான்தான் எல்லோரையும் பேசிச் சம்மதிக்க வைத்து, குரல்வளமுள்ள ஒருவரைப் பாடச் செய்து டேப்பில் பதிவு செய்தேன். அவர் ஒரு வார்த்தைகூட மறுத்துச் சொல்லவில்லை.

அரங்கேற்றத்தன்று பல்லவி முதல் சுற்று முடிந்ததும் சபை சிரித்தது. எந்த ஒத்திகையிலும் நாங்கள் கேட்டிராத பெரிய சிரிப்பு. பல வருடப் பழக்கம் உள்ள அவர், சிரிப்பு வந்தால் நிற்க வேண்டும் என்பதை உடம்பால் அறிந்தவர் என்பதால், நின்றுவிட்டார். டேப் நிற்கவில்லை. வாயை மூடிக்கொண்டு அவர் நிற்க, பெட்டிக்குள்ளிருந்து வருவதுபோல யாரோ ஒருவருடைய இனிய குரல் நான்கு வரிகளைப் பாடிக்கொண்டே போயிற்று. சபை மறுபடியும் சிரித்தது. இம்முறை அவரைப் பார்த்து. திருடன் முதன்முதலாக எடுத்துக்கொடுக்கும் வரி, அந்தப் பாட்டின் உயிரே அதுதான், அந்த நான்கு வரிகளுக்குள் இருந்தது. ஒருவர் காதிலும் அது விழவில்லை. நாடகம் முடிந்து அரிதாரத்தைத் துடைத்துக்கொண்டிருந்தவரிடம் போய் நின்றேன். “அந்த டேப்புக்குக் காது இல்லையே, தம்பி” என்று மட்டும் சொன்னார். நான் அவரிடம் மன்னிப்புக் கேட்கவில்லை. கேட்டிருக்க வேண்டும்.

அவர் சொன்ன அந்த ஒரு வாக்கியத்தைத்தான் உங்களுக்கு விரித்துச் சொல்ல நினைக்கிறேன். சபையின் சிரிப்பு எழும், உச்சிக்குப் போகும், இறங்கும். உச்சியில் இருக்கும்போது அடுத்த சொல்லைப் போட்டால் அது சிரிப்பில் மூழ்கிவிடும். முழுக்க அடங்கும்வரை காத்திருந்தால் மேடை சோர்ந்துவிடும். இறங்கத் தொடங்கி, இன்னும் கொஞ்சம் மீதி இருக்கும்போது சொல் விழ வேண்டும். அந்தக் கணம் எப்போது வரும் என்பது நேற்றைக்கு ஒன்றாகவும் இன்றைக்கு வேறாகவும் இருக்கும். அரை அரங்கம் நிறைந்தால் ஒன்று, முழு அரங்கம் நிறைந்தால் மற்றொன்று. வசனத்தில் இதை நடிகர் ஒருவரே பார்த்துக்கொள்வார். பாட்டில் தாளம் அவரைக் கட்டிப்போடுகிறது. ஆகவே நிற்பதற்கான இடத்தை வாத்தியக்காரர்தான் அவருக்குத் தர வேண்டும். சிரிப்பு எழுந்ததும் அதே ஆவர்த்தனத்தை, அதாவது தாளத்தின் ஒரு முழுச் சுற்றை, சன்னமாகச் சுற்றிச் சுற்றி வாசித்துக்கொண்டு, நடிகரின் மூச்சைப் பார்த்து, அவர் எடுக்கும்போது சேர்ந்து எடுக்க வேண்டும். நகைச்சுவை இசை நாடகத்தில் வாத்தியக்காரரும் ஒரு நகைச்சுவை நடிகரே.

கோயில் திருவிழாக்களில் நடக்கும் ஸ்பெஷல் நாடகத்தை விடிய விடிய உட்கார்ந்து பார்த்தவர்களுக்கு இதை நான் சொல்ல வேண்டியதில்லை. ஹார்மோனியக்காரரும் மிருதங்கக்காரரும் மேடையின் ஓரத்தில் சபைக்குத் தெரியும்படி உட்கார்ந்திருக்கிறார்கள். தொடக்கத்தில் வரும் பபூன் என்ற கோமாளி அவர்களோடு வாயாடுகிறார், அவர்களைச் சீண்டுகிறார், அவர்களிடமே நியாயம் கேட்கிறார். சொல் விழுந்த இடத்தில் மிருதங்கம் ஒரு தட்டுத் தட்டி அதைச் சபைக்குள் தள்ளிவிடுகிறது. அந்த நடிகர்கள் வெவ்வேறு ஊர்களிலிருந்து தனித்தனியாக வந்து அன்றிரவு மேடையில்தான் ஒன்றுசேர்கிறார்கள். ஒத்திகை கிடையாது. அப்படியிருந்தும் நாடகம் நடக்கிறது என்றால், சங்கரதாஸ் சுவாமிகள் (1867–1922) அமைத்துக்கொடுத்த கதையும் பாட்டும் எல்லோருக்கும் மனப்பாடம் என்பது ஒரு காரணம். ஒருவர் மூச்சை ஒருவர் கேட்கிறார்கள் என்பது அதைவிடப் பெரிய காரணம். ஒலிப்பதிவை வைத்துக்கொண்டு நீங்கள் எத்தனை மாதம் ஒத்திகை பார்த்தாலும் இந்தக் கேட்டல் உங்களுக்கு வாய்க்காது.

பாட வராதவர்களை என்ன செய்வது என்று கேட்பீர்கள். 1956இல் நியூயார்க்கில் ‘மை ஃபேர் லேடி’ என்ற இசை நாடகம் மேடையேறியபோது, அதன் நாயகனாக நடித்த ரெக்ஸ் ஹாரிசன் பாடகர் அல்லர். தாளத்தின்மேல் பேசினார், வேண்டிய இடத்தில் மட்டும் சுருதியைத் தொட்டுவிட்டு மறுபடி பேச்சுக்குத் திரும்பினார். சபை அவர் சொன்ன ஒவ்வொரு சொல்லையும் கேட்டது. 1964இல் அது திரைப்படமானபோது, முன்பே பதிவான பாட்டுக்கு வாயசைக்க அவர் மறுத்துவிட்டார். ஒரு முறை சொன்னதைப்போல மறுமுறை சொல்வதில்லை என்பதால் அவரால் அப்படி நடிக்க முடியாது. கழுத்துப் பட்டையில் கம்பியில்லாத ஒலிவாங்கியை மறைத்துவைத்து, நடிக்கும்போதே அவருடைய பாடல்களைப் பதிவு செய்தார்கள். பார்வையாளர்கள் எதிரே இல்லாத திரைப்படத்துக்கே இப்படி என்றால், எதிரே மனிதர்கள் உட்கார்ந்திருக்கும் மேடையில் நீங்கள் வாயசைக்கப் போகிறீர்கள்.

அவ்வளவு தூரம் போவானேன்? தெருக்கூத்தில் பின்பாட்டு இருக்கிறது. கூத்தாடுபவர் ஓர் அடியைப் பாடுகிறார். பின்னால் இருப்பவர்கள் அதை வாங்கிப் பாடுகிறார்கள். உங்கள் குழுவில் பாட வருகிற பன்னிரண்டு பேர் இருக்கிறார்கள் அல்லவா? காட்சியில் இல்லாத நேரத்தில் அவர்களை மேடையோரத்தில் எல்லோருக்கும் தெரியும்படி உட்கார வையுங்கள். அமைச்சர் தன் கரடுமுரடான குரலில் வரியைச் சொல்லட்டும். அவர்கள் அதைச் சுருதியோடு திருப்பிப் பாடட்டும். சபைக்கு அந்தச் சொல் இரண்டு முறை கேட்கும். முதல் முறை சிரித்தவர்கள் போக, விளங்காதவர்கள் இரண்டாம் முறை சிரிப்பார்கள். அதிலும் உங்கள் கதைக்கு இதைவிடப் பொருத்தமான உத்தி எது? மூன்று அமைச்சர்களும் ஒரே பொய்யைச் சொல்கிறார்கள். முதல் அமைச்சரின் பொய்யைப் பின்பாட்டுக்காரர்கள் நம்பிக்கையோடு வாங்கிப் பாடுகிறார்கள். இரண்டாம் அமைச்சரும் அதே பொய்யைச் சொல்லும்போது தயங்கித் தயங்கிப் பாடுகிறார்கள். மூன்றாமவர் வாயைத் திறப்பதற்கு முன்பே அவர்கள் பாடிவிடுகிறார்கள். உங்கள் கதையைப் படித்த அன்றிரவே இந்தக் காட்சி என் கண்முன் வந்துவிட்டது. இதை எந்த ஒலிப்பதிவில் செய்வீர்கள்?

இன்னொன்றும் இருக்கிறது. பதிவு செய்துவிட்ட பாட்டை மாற்ற மனம் வராது, காசும் இருக்காது. 1962இல் நியூயார்க் மேடைக்கு வந்த ஒரு நகைச்சுவை இசை நாடகம், ரோம நகரத்து அடிமை ஒருவனின் கதை, ஸ்டீவன் சோண்டைம் பாடல்கள் அமைத்தது, அதற்கு முன் வாஷிங்டனில் வெள்ளோட்டம் பார்க்கப்பட்டபோது சபை கல்லைப்போல உட்கார்ந்திருந்தது. நடன அமைப்பாளர் ஜெரோம் ராபின்ஸை அழைத்துக் காட்டினார்கள். முதல் பாட்டு மென்மையாக, காதலைப் பற்றியதாக இருக்கிறது. வரப்போவது கூத்தும் கும்மாளமும் என்று அது சபைக்குச் சொல்லவில்லை என்றார் அவர். சோண்டைம் வேறு பாட்டு எழுதினார். அந்தத் தொடக்கம் மாறியதும் அதே நாடகத்துக்குச் சபை சிரிக்கத் தொடங்கியது. பிறகு நியூயார்க்கில் தொள்ளாயிரத்துக்கும் மேற்பட்ட முறை நடந்தது. உங்கள் முதல் பாட்டு சரியானதா என்பது உங்களுக்கு இப்போது தெரியாது. முதல் முறையாக அந்நியர்கள் முன்னால் பாடிக் காட்டும்போதுதான் தெரியும். அன்றைக்கு அதைத் தூக்கிப்போட உங்கள் கை சுதந்திரமாக இருக்க வேண்டும்.

கடுமையாக எழுதிவிட்டேன் என்றால் பொறுத்துக்கொள்ளுங்கள். பகல் முழுவதும் உழைத்துவிட்டு, மாலையில் களைப்போடு வந்து, அரசனும் அமைச்சரும் ஆகிற இருபத்து நான்கு பேரை நினைக்கும்போது எனக்கு நெஞ்சு நிறைகிறது. பாட வராது என்று ஒதுங்கி நிற்கிற பாதிப் பேரை நினைக்கும்போதுதான் தாங்கவில்லை. வேறொருவர் குரலை அவர்கள் வாயில் வைத்தீர்களானால், உன் குரல் இந்த மேடைக்கு ஆகாது என்று அவர்களிடம் சொல்லிவிட்டதாகவே ஆகும். அவர்களும் என் கஞ்சனைப்போல மறுத்துப் பேச மாட்டார்கள்.

ஒலிப்பதிவுக்கு நாள் குறித்திருந்தால் அதை நாளையே ரத்து செய்யுங்கள். அந்தப் பணத்தில் ஒரு ஹார்மோனியக்காரரையும் ஒரு மிருதங்கக்காரரையும் முதல் ஒத்திகையிலிருந்தே உடன் வைத்துக்கொள்ளுங்கள். கடைசி வாரத்தில் கூப்பிட்டால் பயனில்லை. மூன்றாம் அமைச்சராக நடிப்பவருக்குத்தான் குழுவிலேயே மோசமான குரல் என்றால் மிகவும் நல்லது, அவரிடமிருந்து தொடங்குங்கள். பின்பாட்டோடு ஒரு பாட்டையாவது ஒத்திகை பார்த்துவிட்டு எனக்கு எழுதுங்கள். எந்த வரியில் நிறுத்தினார், எவ்வளவு நேரம் நிறுத்தினார் என்பதையும் சேர்த்து எழுதுங்கள்.

அன்புடன்.