பாம்பன் தீவில் கேமராவுடன்

கேள்வி: ஜனவரியில் குடும்பத்துடன் ராமேசுவரம் செல்கிறோம். கோயில் கோபுரத்தையும் ரயில் பாலத்தையும் எல்லோரும்தான் எடுக்கிறார்கள். ஊரின் அன்றாட வாழ்வையும் இயற்கையையும் எடுக்க எங்கே போகலாம்? சென்ற முறை எடுத்த படங்களில் தனுஷ்கோடி மணல் சாம்பல் பூத்ததுபோல் விழுந்தது ஏன்?
– வாசகர் ஒருவர், திருச்சி

பதில்: மணலின் மேல் குற்றமில்லை. கேமராவின் ஒளிமானி எந்தக் காட்சியையும் நடுத்தரச் சாம்பல் நிறமாகக் கருதியே அளவெடுப்பதால், வெண்மணலும் அலைநுரையும் படத்தை நிறைக்கும்போது தேவைக்கு மேல் ஒளியைக் குறைத்துவிடுகிறது. எக்ஸ்போஷரை (கேமராவுக்குள் விடும் ஒளியளவை) ஒரு ஸ்டாப், அதாவது இரு மடங்காக, கூட்டி வையுங்கள், வெண்மை திரும்பிவிடும்.

குளிர்காலத்தில் தனுஷ்கோடிச் சாலையோரத்து ஆழமற்ற நீர்ப்பரப்பில் பூநாரைகள் இறங்குவதுண்டு. தொலைவிலுள்ளதைப் பெரிதாக்கிக் காட்டும் நீண்ட குவியத்தூர லென்ஸ் இல்லையென்றால் நெருங்க முயலாதீர்கள். கூட்டம் எழுந்துவிட்டால் அவற்றின் இரையும் கெடும், உங்கள் படமும் கெடும். வாடைக்காற்று வீசும் நாள்களில் பாக் நீரிணைப் பக்கம் கொந்தளித்தும் மன்னார் வளைகுடாப் பக்கம் அடங்கியும் இருக்குமாதலால், நீரில் பிம்பம் விழும் படங்களுக்குத் தென்கரையே ஏற்றது.

அன்றாட வாழ்வுக்கு, விடிகாலையில் மீன் இறங்குதளத்துக்குப் போங்கள். சிக்கிய நண்டைக் கால் முறியாமல் வலையிலிருந்து கழற்றும் விரல்கள், என் கணக்கில், எந்தச் சூரிய உதயத்தையும்விட நல்ல படம். ஆனால் கேட்டுவிட்டு எடுங்கள். (ஏப்ரல் 15 முதல் 61 நாள்கள் விசைப்படகுகளுக்குத் தடைக்காலம், அப்போது போனால் நங்கூரமிட்ட படகுகளைத்தான் எடுக்கலாம்.) உப்புத்துளி பட்ட லென்ஸை உலர்ந்த துணியால் தேய்க்காமல், முதலில் ஈரத்துணியால் ஒற்றியெடுங்கள்.