அப்பாவுக்கு டெக்னாலஜி வராதா?

கேள்வி: சென்னையில் ஒரு கல்லூரியில் கம்ப்யூட்டர் சயின்ஸ் மூன்றாம் ஆண்டு படிக்கிறேன். வியாசர்பாடியில் அப்பா மளிகைக் கடை வைத்திருக்கிறார். நண்பன் ஏஐ படி என்கிறான், இன்னொருவன் சைபர் செக்யூரிட்டி என்கிறான், சீனியர்கள் ஃபுல் ஸ்டாக் (வெப்சைட்டின் திரையையும் பின்னால் இருக்கும் சர்வரையும் சேர்த்தே எழுதுவது) என்கிறார்கள். எதிலும் பத்து நாளைக்கு மேல் நிற்க முடியவில்லை. வேளச்சேரியில் ஓர் இன்ஸ்டிட்யூட்டில் ஏஐ கோர்ஸுக்கு 75,000 ரூபாய் கேட்கிறார்கள். வேலைக்கு உத்தரவாதமாம், தினமும் போன் வருகிறது. அப்பாவிடம் கேட்கலாமா? போன வருஷம் கடையின் கடன் கணக்குக்கு ஒரு சின்ன புரோகிராம் எழுதிக் கொடுத்தேன். லேப்டாப்பை நான் காலேஜுக்கு எடுத்துப் போய்விடுவேன், அவரும் ஒரே வாரத்தில் பழைய நோட்டுக்கே திரும்பிவிட்டார். அவருக்கு டெக்னாலஜி வராது. எனக்கு எந்தத் துறை சரிப்படும்?

பெயர் வேண்டாம், வியாசர்பாடி

பதில்: தம்பி, இதே கேள்வி தரமணியில் டைடல் பார்க் என்ற ஐடி வளாகம் திறந்த 2000-த்திலும் வந்தது. அன்றைக்கு ஜாவா, இன்றைக்கு ஏஐ. பயப்படாதே, எல்லாம் நல்லபடியாக அமையும் என்று எழுத எனக்கு மனசு வரவில்லை. நீ போகிற போக்கில் எழுதிய லேப்டாப் விஷயத்திலேயே நின்றுவிட்டேன்.

காலையில் நீ காலேஜ் பஸ் ஏறுகிறாய். கடைக் கணக்கும் உன் பையில் ஏறிப் போகிறது. ஒன்பது மணிக்கு ஓர் அம்மா வந்து அரைக் கிலோ துவரம்பருப்பு கொடுங்க, ஒண்ணாம் தேதி தர்றேன் என்கிறார். அப்பா அதை எதில் எழுதுவார்? நோட்டில்தான். சாயங்காலம் நீ வந்து லேப்டாப்பைத் திறக்கும்போது அது நேற்றைய கணக்கைக் காட்டும். அதை அவர் ஒரு வாரம் பொறுத்துக்கொண்டதே பெரிய விஷயம். டெக்னாலஜி வராதது யாருக்கு?

என் அப்பாவும் ராயபுரத்தில் கடை வைத்திருந்தவர்தான், அதனால் கோபம் கொஞ்சம் கூடுதலாகவே வருகிறது. ‘மாடி வீட்டு டீச்சர், பாக்கி 340, இன்று 85’ என்று ஒரே வரி எழுதி, சம்பளத் தேதியில் முகம் சுளிக்க வைக்காமல் வசூல் பண்ணுவது லேசில்லை. கரண்ட் போனாலும் நோட்டு திறக்கும். ஈரக் கையோடு புரட்டலாம். அந்த நோட்டு செய்கிற வேலையை உன் புரோகிராம் ஏன் செய்யவில்லை என்று அவரிடம் ஒரு நாளாவது கேட்டாயா? கேட்டிருந்தால் கடிதத்தில் எழுதியிருப்பாய். அந்தக் கடை ஓடுவதால்தான் உனக்கு ஃபீஸ் கட்டுகிறார்கள். அந்த வீட்டுப் பிள்ளைக்கு இதைக் கேட்பது கடமை.

பத்து நாளில் ஒவ்வொன்றையும் விடுவதற்கும் இதுதான் காரணம். முதல் தடங்கல் வந்ததும் குறை உன்னுடையதில்லை என்று முடிவு கட்டிவிடுகிறாய்.

சரி, துறைக்கு வருகிறேன். அதே புரோகிராமை அப்பாவின் போனுக்குக் கொண்டுவா. ஆண்ட்ராய்டு போனுக்குள்ளேயே எஸ்க்யூலைட் என்ற குட்டி டேட்டாபேஸ், அதாவது தகவலைச் சேமித்துத் தேடித் தரும் மென்பொருள், இருக்கிறது, நெட் இல்லாமலே வேலை செய்யும். ஆள், தேதி, தொகை என்று கணக்கை அட்டவணைகளாகப் பிரித்து வைக்கும் முறையை ஐபிஎம்மில் இருந்த எட்கர் காட் 1970-இல் எழுதினார். உன்னை இன்டர்வியூவில் கேட்கப் போவதும் அதைத்தான். போன் தொலைந்தாலும் கணக்கு தொலையக் கூடாது என்று யோசித்தால், நெட் வழியாக வேறொரு கம்ப்யூட்டரில் சேமிக்கிற கிளவுட் பக்கம் போவாய். யார் வீட்டில் எவ்வளவு பாக்கி என்று தெருவுக்குத் தெரியக் கூடாதே என்று யோசித்தால் செக்யூரிட்டி. அப்பா மூக்குக்கண்ணாடியைத் தேடாமல் படிக்கிற மாதிரி திரையை அமைப்பதும் ஒரு முழு வேலை. மாசக் கடைசியில் யார் பணம் தருவார், யார் தரமாட்டார் என்று கணிக்க ஏஐ வேண்டாம், இப்போதைக்கு அப்பா போதும். இதில் எதைச் செய்யும்போது அம்மா சாப்பிடக் கூப்பிட்டது காதில் விழவில்லையோ, அந்தப் பக்கம் போ.

75,000 ரூபாயைக் கேட்கவே கேட்காதே. சர்க்கரையில் கிலோவுக்கு இரண்டு ரூபாய் நிற்கிறது என்று வைத்தால் 37,500 கிலோ விற்க வேண்டும். உத்தரவாதம் தருகிறவர்களிடம், வேலை கிடைக்காவிட்டால் பணத்தைத் திருப்பித் தருவதாக எழுதிக் கொடுங்கள் என்று கேட்டுப் பார். ஐஐடிகள் நடத்தும் என்பிடெல் என்ற ஆன்லைன் வகுப்பில் பாடம் இலவசம், சான்றிதழ்த் தேர்வுக்கு மட்டும்தான் பணம். முதலில் அதில் டேட்டாபேஸ் பாடத்தை முழுசாக முடி, பத்தாம் நாள் அலுத்தாலும்.

வருகிற ஞாயிற்றுக்கிழமை லேப்டாப்பை மூடி வைத்துவிட்டுக் காலையிலிருந்து கல்லாவுக்குப் பக்கத்தில் நில். அப்பா எந்த வரியை அடிக்கிறார், எதைச் சுழிக்கிறார், யாரிடம் நோட்டையே திறக்காமல் பாக்கி சொல்கிறார் என்று பார். அப்புறம் கேள். வேளச்சேரியிலிருந்து போன் வந்தால், கடையில் வேலையாக இருக்கிறேன் என்று சொல்லி வை.