டயரி எழுதியும் மனசு தெளியல்ல எண்டு கேட்ட தம்பிக்கு

கேள்வி: அக்கா, எனக்கு 31 வயசு, திருகோணமலை உவர்மலையில இருக்கிறன். ஒரு லீசிங் கம்பனியில ரிக்கவரி ஆபீசரா சேர்ந்து 4 வருஷமும் 8 மாசமும் ஆகுது. தவணை கட்டாத ஆக்கள்ட வீட்ட போய் நிண்டு காசு கேக்கிற வேலை, மனசு விட்டுப்போச்சு. இங்கிலீஷ் நல்லா கதைப்பன், டூரிஸ்ட் கைடா மாறுவமோ எண்டு யோசிக்கிறன். ஒவ்வொரு நாளும் டயரி எழுது, தெளிவு வரும் எண்டு பிரண்ட் ஒராள் சொன்னவர். ஒரு மாசமா எழுதுறன், எல்லாம் புலம்பல்தான், வாசிச்சா இன்னும் விசர் வருது. ரெண்டு பக்கம் போட்டோ எடுத்து அனுப்பியிருக்கிறன். இத விடுறதா, தொடருறதா?

பதில்: தம்பி, விடாதீங்க, எழுதுற விதத்த மட்டும் மாத்துங்க. நீங்க அனுப்பின ரெண்டு பக்கத்தயும் வாசிச்சன். "இண்டைக்கும் வெறுத்துப்போச்சு", "ஏன் எனக்கு மட்டும் இப்பிடி", திரும்பத் திரும்ப இதுதான் இருக்கு, எங்க போனீங்க, ஆரோட கதைச்சீங்க, என்ன நடந்தது எண்டு ஒண்டுமே இல்ல. செக்குமாடு மாதிரி ஒரே இடத்தயே சுத்தினா விசர் வராம என்ன செய்யும்? ஆனா ரெண்டாவது பக்கத்திர அடியில சின்னனா ஒரு வரி எழுதியிருக்கிறீங்க, கிண்ணியாவில ஒரு ஓட்டோக்கார அண்ணன் தவணை கட்ட ஏலாது எண்டு சொல்லிப்போட்டும் உங்களுக்கு பிளேன்டீ தந்து அரை மணித்தியாலம் கதைச்சவர் எண்டு. அந்த இடத்தில நிப்பாட்டிட்டீங்க. எனக்கு அந்த அரை மணித்தியாலம்தான் முக்கியமாப் படுது. என்ன கதைச்சீங்க, உங்களுக்கு அது பிடிச்சுதா, எழும்பி வரேக்க மனசு பாரமா இருந்துதா லேசா இருந்துதா, அதுக்குப் பிறகு மனேஜர்ட கோல் வந்து மூட் மாறினதா? இதெல்லாம் எழுதினாத்தான் நீங்க வெறுக்கிறது ஆக்களிட்ட போறதயா, காசு கேக்கிறதயா, மாசக் கடைசி டார்கெட்டயா, இல்லாட்டி அந்த ஒரு மனேஜரயா எண்டு பிரிஞ்சு தெரியும். மனேஜர்தான் பிரச்சினை எண்டா தொழிலயே மாத்தத் தேவையில்ல. காசு கேக்கிறதுதான் ஏலாது எண்டா, வேற லீசிங் கம்பனிக்குப் போயும் பிரயோசனமில்ல.

அதால ஒரு நாளைக்கு ஒரே ஒரு சம்பவம், 15 நிமிஷம், அவ்வளவுதான். அமெரிக்காவில ஜேம்ஸ் பென்னபேக்கர் எண்ட உளவியலாளர் 1986ல வெளியிட்ட ஆய்வில மாணவர்கள் எழுதினதும் தொடர்ந்து 4 நாள், நாளுக்கு 15 நிமிஷம்தான். நடந்ததயும் மனசில பட்டதயும் சேத்து எழுதினவங்கள் எழுதி முடிச்ச உடன கொஞ்சம் சோர்வாத்தான் இருந்தவங்களாம், ஆனா பிறகு வந்த மாசங்களில டொக்டரிட்ட போனது குறைஞ்சிருக்கு. 1994ல இன்னொரு ஆய்வு, அது உங்கட விஷயத்துக்குக் கிட்ட, வேலை போன உத்தியோகத்தர்மார் அந்தக் கோவத்தயும் கவலையயும் எழுதினாப் பிறகு எழுதாத ஆக்கள விட கெதியா புது வேலை எடுத்திருக்கினம், இத்தனைக்கும் அவையள் கூடுதலா இன்டர்வியூக்குப் போகவும் இல்ல.

"ஏன்" எண்டு தொடங்கிறத கொஞ்ச நாளைக்கு விடுங்க, "என்ன" எண்டு கேளுங்க. சில நாள் "நான்" எண்டு எழுதாம உங்கட பேரப் போட்டு "அவன் மூதூருக்குப் போனான், அந்த அம்மா அழேக்க அவனுக்கு வாய் வரல்ல" எண்டு வேற ஆளப் பத்தி எழுதுற மாதிரி எழுதிப் பாருங்க, சூடு கொஞ்சம் தணியும், ஆராய்ச்சிக்காரரும் இத சொல்லியிருக்கினம். ஒரு சாதாரண சீ.ஆர். கொப்பி போதும். கஸ்டமர்மார்ட பேர் எழுதவேணாம், கொப்பிய ஆபீஸ் பேக்கில கொண்டு திரியவும் வேணாம். எழுதினத உடன வாசிக்காதீங்க, ஒரு மாசம் போகட்டும், பிறகு பேனையோட இருந்து திரும்பத் திரும்ப வாறத கோடிடுங்க.

இனி கைடு வேலை. அதப் பத்தி உங்கட டயரியில ஒரு பக்கம்கூட இல்லயே தம்பி! வெறுக்கிற வேலையப் பத்தி மட்டும் எழுதினா மற்ற வேலை எப்பவும் சொர்க்கமாத்தான் தெரியும். வெளிநாட்டில இருந்து சொந்தக்காரர் வந்தா ஒரு ஞாயிற்றுக்கிழமை நீங்களே கூட்டிப்போங்க, கோணேசர் கோயில், கோட்டை, கன்னியாவில ஏழு வெந்நீர்க் கிணறு, ஏலுமெண்டா புறாத்தீவு, முழு நாளும் வெயிலில நடந்து ஒரே கதைய மூண்டாந்தரம் சொல்லேக்க உங்களுக்கு எப்பிடி இருந்தது எண்டு அண்டைக்கே எழுதுங்க. காசுக்கு இப்பவே செய்யவேணாம், சுற்றுலா அபிவிருத்தி அதிகார சபையிர லைசன்ஸ் வேணும், ஏரியா கைடு எண்டா குறிப்பிட்ட பகுதிக்குள்ளதான், நேஷனல் கைடு எண்டா நாடு முழுக்க. அதோட உப்புவெளி, நிலாவெளி சீசன் மே தொடக்கம் செப்டெம்பர் மட்டும்தான் நல்லா இருக்கும், நவம்பரில மாரி தொடங்கினா ஹோட்டல்கள் வெறிச்சோடிப்போகும். அந்த மாசங்களுக்கு வீட்டுச் செலவு எங்கால வரும் எண்டதயும் கொப்பியில ஒரு பக்கத்தில கணக்காப் போடுங்க, அம்மாவோட இருந்து போட்டா இன்னும் நல்லம்.

நித்திரை இல்லாம, சாப்பாடு இறங்காம கிழமைக்கணக்கா இருந்தா எழுத்த மட்டும் நம்பாதீங்க, 1926க்கு கோல் எடுங்க, அது தேசிய மனநல உதவி இலக்கம்.

கடைசியா, இப்ப ரிசைன் பண்ணவேணாம் எண்டு நான் வடிவாச் சொல்றன். 15 பேர் அல்லது கூட வேலை செய்யிற இடமெண்டா 5 வருஷம் முடிச்ச ஆளுக்குத்தான் சட்டப்படி கிரஜுவிட்டி, அதாவது வேலைய விட்டு விலகேக்க கம்பனி தாற பணிக்கொடை, ஒவ்வொரு வருஷத்துக்கும் கடைசிச் சம்பளத்தில அரை மாசம். 60,000 சம்பளமெண்டா 5 வருஷத்துக்கு 1,50,000. உங்களுக்கு இன்னும் 4 மாசம்தான் கிடக்கு. ஈபிஎஃப் எண்ட ஊழியர் சேமலாப நிதிக் காச எண்ணிக்கொண்டிருக்காதீங்க, ஆம்பிளையளுக்கு சாதாரணமா 55 வயசிலதான் அது கைக்கு வரும். அப்பொயின்ட்மென்ட் லெட்டர எடுத்து சேர்ந்த திகதியப் பாருங்க, அந்த 4 மாசமும் நான் சொன்ன மாதிரி எழுதுங்க, பிறகு என்ன வந்திருக்கு எண்டு எனக்கும் ஒரு கடிதம் போடுங்க.