மஞ்சப்பையில் என்ன இருக்கிறது என்று கேளுங்கள்

கேள்வி: கும்பகோணம் பஸ் ஸ்டாண்டு பக்கம் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறோம். ஏழெட்டு மாதமாக ஒரு பெரியவர் ராத்திரி எங்கள் ஷட்டருக்கு முன்னால் படுக்கிறார். அறுபத்தைந்து வயது இருக்கும். நாங்கள் வருவதற்குள் எழுந்து, வாசலைக் கூட்டிவிட்டுப் போய்விடுவார். குடி வாடை கிடையாது. கையில் எப்போதும் ஒரு மஞ்சப்பை. மகன் திருப்பூரில் இருப்பதாக ஒரு தடவை சொன்னார். என் வீட்டுக்காரர் தினம் ஒரு டீ வாங்கிக் கொடுக்கிறார். பக்கத்துக் கடைக்காரர்களோ, "இன்றைக்கு ஒருத்தர், நாளைக்குப் பத்துப் பேர், விரட்டிவிடுங்கள்" என்கிறார்கள். கை கால் நன்றாக இருப்பவருக்குச் சும்மா கொடுத்தால் சோம்பேறித்தனத்தை வளர்ப்பது ஆகாதா? இதையெல்லாம் அரசாங்கம்தானே பார்க்க வேண்டும்?
– பெயர் வெளியிட விரும்பாத வாசகி, கும்பகோணம்

பதில்: வாசலைக் கூட்டிவிட்டுப் போகிற மனுஷரைச் சோம்பேறி என்று யாரம்மா சொன்னது? காசாகக் கொடுக்க முடியாத வாடகையை விளக்குமாற்றால் கொடுத்துவிட்டுப் போகிறார். அந்தக் கேள்வியை இத்துடன் விட்டுவிடலாம்.

நான் வருவாய்த் துறையில், நம் பக்கத்துத் தாலுகா ஆபீஸ்களில் முப்பது வருஷம் குப்பை கொட்டியவன். மனுவோடு வந்து நின்றவர்களின் கதைகளில் ஒரே சாயல் இருக்கும். முதலில் வேலை போகும். பத்துப் பதினைந்து பேர் நாள் முழுக்கக் குனிந்து அறுத்த ஏக்கரை இப்போது மிஷின் ஒரு மணி சொச்சத்தில் அறுத்துவிடுகிறது. அதுவும் தண்ணீர் வந்தால்தான். 2012-லிருந்து 2019 வரை எட்டு வருஷம் மேட்டூர் அணையை வழக்கமான நாளான ஜூன் 12-ல் திறக்கவில்லை. பம்புசெட் இல்லாத வயலில் குறுவைச் சாகுபடி இல்லை, குறுவை இல்லாத ஊரில் கூலி இல்லை. பிள்ளைகள் திருப்பூருக்கும் சென்னைக்கும் பஸ் ஏறினார்கள். வயசானவர்கள் குடிசையோடு தங்கினார்கள். அந்தக் குடிசை பாதிக்குப் பாதி வாய்க்கால் கரைப் புறம்போக்கில் இருக்கும். ஆக்கிரமிப்பு என்று நோட்டீஸ் வந்தால் காலி செய்ய வேண்டியதுதான். நோட்டீஸ் இல்லாமலே போனதும் உண்டு; 2018 நவம்பர் 16 விடியற்காலையில் கஜா புயல் அடித்தபோது வேதாரண்யம் பக்கம் எத்தனை கூரை பறந்தது என்று உங்களுக்கே தெரியும். அப்புறம் மனைவியின் ஆஸ்பத்திரிச் செலவு, அதற்கு வாங்கிய வட்டிக் கடன். மனைவி போன பிறகு மகன் வீட்டில் ஒரு வார்த்தை கூடக்குறைய வரும். கோபத்தில் பஸ் ஏறுகிறவர் கும்பகோணத்தில் இறங்குவார். கோயில் ஊர், சோற்றுக்குக் குறைவிருக்காது என்று அவருக்குத் தெரியும்.

இன்னும் பின்னால் போனால், பண்ணையாளின் குடிசை நின்ற மண்ணே மிராசுதாருடையது. வேலையை விட்டு நிறுத்தினால் மறுநாள் வீடும் போச்சு. அந்த மனைகளைக் குடியிருந்தவர்களுக்கே சொந்தமாக்க 1971-ல் தனியாகச் சட்டம் போட வேண்டியிருந்தது. வீடு கூரையில் நிற்பதைவிடக் காகிதத்தில்தான் அதிகம் நிற்கிறது.

சரி, அரசாங்கம் பார்க்க வேண்டாமா? வேண்டும். பார்க்கவும் செய்திருக்கிறது, ராஜா காலத்திலேயே. தஞ்சாவூர் சரபோஜி மன்னர் 1801-ல் கிழக்கிந்தியக் கம்பெனிக்காரர்களுக்குத் தம் சத்திரங்களைப் பற்றி ஒரு கடிதம் எழுதினார். எந்த ஜாதி வழிப்போக்கருக்கும் சோறு உண்டு என்பது அதில் ஒரு பகுதி. எனக்குப் பிடித்தது அடுத்தது: நோயோடு வந்தவருக்கு மருந்தும் பத்தியச் சாப்பாடும் கொடுத்து, குணமாகும் வரை மரியாதையாக வைத்துப் பார்த்துக்கொள்வார்களாம். ஒரத்தநாட்டில் சரபோஜி கட்டிய முத்தம்மாள் சத்திரத்தைத் தாண்டிப் போகும்போதெல்லாம் எனக்கு இந்த 'குணமாகும் வரை'தான் ஞாபகம் வரும். இன்றைக்கு நம் ஊரில் அன்னதானத்துக்குப் பஞ்சமில்லை. சோறு போட ஆள் இருக்கிறது, ஓர் ஆபீஸ் படி ஏறும்போது கூட வர ஆள் இல்லை.

இதை நான் பட்டுத் தெரிந்துகொண்டேன். வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஒரு பாட்டி முதியோர் உதவித்தொகைக்கு மனு கொண்டுவந்தார். கோயில் மண்டபத்தில் படுத்துக்கொள்கிறவர். முகவரி எழுத வேண்டிய இடம் காலி. ரேஷன் கார்டு எங்கே என்று கேட்டேன். வெள்ளத்தில் போய்விட்டது என்றார். கார்டு இல்லாமல் முடியாது பாட்டி என்று மனுவைத் திருப்பிக் கொடுத்தேன். மூன்று தடவை வந்தார். மூன்றாவது தடவை கைநாட்டு வைத்த கட்டைவிரல் மையைப் புடவைத் தலைப்பில் துடைத்துக்கொண்டே படி இறங்கினார். நாலாவது தடவை வரவில்லை. சீனியர் ஒருவர் பிறகு சொன்னார்: "மண்டபத்துக்குப் பக்கத்துப் பூக்கடைக்காரரை விசாரித்து ஒரு வரி எழுதியிருந்தாலே போதுமேப்பா." விதிமுறை தெரியாமல் நான் திருப்பி அனுப்பவில்லை. பாட்டியோடு யாரும் வரவில்லை, அதனால் அனுப்ப முடிந்தது. கூட ஒரு வாத்தியாரோ கடைக்காரரோ நின்றிருந்தால் நாற்காலியைக் காட்டி உட்காரச் சொல்லியிருப்பேன்.

உங்கள் கடிதத்தில் பெரியவரின் வயது இருக்கிறது, பை இருக்கிறது, திருப்பூர் இருக்கிறது. பெயர் இல்லை. நாளைக்கு டீ கொடுக்கும்போது உங்கள் வீட்டுக்காரரைக் கேட்கச் சொல்லுங்கள். பெயர், ஊர், அப்புறம் மெதுவாக அந்தப் பை. என் அனுபவத்தில் அந்த மாதிரிப் பைகளில் துணிமணியைவிடக் காகிதம்தான் அதிகம் இருக்கும். மடித்து மடித்துக் கிழிந்த ஆதார், பழைய பாஸ்புக், இறப்புச் சான்றிதழ், சில சமயம் ஒரு பத்திரம்.

காகிதத்தைப் பார்த்தால் வழி தெரியும். உதவித்தொகை அவருக்கு வருகிறதா என்று பாருங்கள். 2023-ல் மாதம் 1,200 ரூபாயாக உயர்த்தினார்கள். முன்பு வந்து நின்றுபோயிருந்தாலும் தாலுகா ஆபீஸில் கேட்கலாம். சொத்தை மகனுக்கு எழுதிக் கொடுத்துவிட்டு வெளியே வந்தவர் என்றால், 2007-ல் வந்த பெற்றோர் பராமரிப்புச் சட்டம் இருக்கிறது. கோட்டாட்சியரிடம் மனு கொடுத்தால் போதும், வக்கீல் வேண்டாம். தன்னைப் பார்த்துக்கொள்ள வேண்டும் என்ற நிபந்தனையோடு எழுதிய பத்திரமாக இருந்தால் அதை ரத்து செய்யவும் கேட்கலாம். ஆனால் ஒன்று சொல்கிறேன், மகன் மேல் மனு எழுத மாட்டேன் என்பார். பெரும்பாலும் அப்படித்தான். வற்புறுத்தாதீர்கள். 14567 என்ற முதியோர் உதவி எண்ணில் பேசினால், வழக்கு இல்லாமலே மகனிடம் பேசிப் பார்ப்பார்கள்.

ராத்திரி தங்க, மாநகராட்சியில் வீடற்றோர் காப்பகம் பற்றிக் கேளுங்கள். ஒரு லட்சம் ஜனத்தொகைக்கு ஒன்று என்ற கணக்கில் வருஷம் முழுக்கத் திறந்திருக்க வேண்டும் என்பது 2010-லேயே உச்ச நீதிமன்றம் சொன்னது. கும்பகோணம் அந்தக் கணக்கைத் தாண்டிய ஊர். இருக்கிறதா, எங்கே என்று உங்கள் கவுன்சிலரையே கேட்கலாம். காப்பகத்துக்குப் போனால் இன்னொரு லாபம், அங்கே பொறுப்பில் இருப்பவர் தரும் சான்றை வைத்து ஆதாருக்கு முகவரி காட்டலாம். அவர் போக மாட்டேன் என்றால் அதுவும் அவர் இஷ்டம்.

பக்கத்துக் கடைக்காரர்களை வில்லனாக்க வேண்டாம். ராத்திரி கடை உடைந்தால் யார் பொறுப்பு என்ற பயம் அவர்களுக்கு, அது நியாயமான பயம். பெரியவரின் பெயரும் ஊரும் தெரிந்த பிறகு அவர்களிடம் சொல்லிப் பாருங்கள். 'அந்த ஆள்' என்பது 'பாபநாசத்துப் பெரியவர்' ஆனால் பேச்சு மாறும், பார்த்திருக்கிறேன். பத்துப் பேர் வருவார்கள் என்கிறார்களே, ஏழெட்டு மாதத்தில் எத்தனை பேர் வந்தார்கள் என்றும் கேளுங்கள்.

கடைசியாக, ஜெராக்ஸ் கடைக்காரர் என்பதால் உங்களால் மட்டும் செய்ய முடிகிற ஒரு காரியம். ஐப்பசி மழை பிடித்துக்கொண்டால் ஷட்டருக்கு முன்னால் அந்தப் பை நனையாமல் இருக்காது. அதற்கு முன்னால் எல்லாவற்றையும் இரண்டு காப்பி எடுங்கள். ஒன்று லேமினேஷன் போட்டு அவர் பையில். இன்னொன்று அவர் பெயர் எழுதிய கவரில், உங்கள் மேசை டிராயரில்.